லேப்டாப்பில் இருக்கும் கச்சேரியைக் கேசட்டிலும் மினிடிஸ்க்கிலும் ஏற்றுவது எப்படி?

கேள்வி இதுதான்: "நங்கநல்லூரில் இருக்கிறோம். அப்பாவிடம் ஒரு கேசட் டெக், ஒரு ஆம்ப்ளிஃபயர், சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மினிடிஸ்க் ரெக்கார்டர் எல்லாமே ஓடும் நிலையில் இருக்கின்றன. லேப்டாப்பில் சேர்த்து வைத்திருக்கும் பழைய கச்சேரிகளையும் சினிமா பாட்டுகளையும் அவற்றில் ஏற்றித் தரச் சொல்கிறார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் யூ.எஸ்.பி. கேபிள் போதும் என்றார்கள். பக்கத்துக் கடையில் ஆப்டிகல் கேபிள் இல்லாமல் முடியவே முடியாது என்றார்கள். எது சரி?"

கேசட்டைப் பொறுத்தவரை இரண்டுமே தவறு. கேசட் டெக்குக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. பென் டிரைவில் காப்பி செய்வதுபோல இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை இல்லை இது. லேப்டாப்பில் பாட்டைப் பாடவிட்டு, அது பாடும்போதே டெக்கில் பதிய வேண்டும். இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட்டையும் டி.டி.கே. கேசட்டையும் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்க வேண்டியது ஒரே ஒரு கேபிள்: ஒரு முனையில் ஹெட்போன் ஜாக்கில் செருகும் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின், மறுமுனையில் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு ஆர்.சி.ஏ. பின். வெள்ளை இடது, சிவப்பு வலது. வாங்கும்போது 3.5 பின்னில் எத்தனை கறுப்பு வளையம் என்று பாருங்கள், இரண்டுதான் இருக்க வேண்டும். செட்டாப் பாக்ஸுக்கு வரும் மஞ்சள்-வெள்ளை-சிவப்புக் கேபிளும் பார்க்க அச்சு அசல் இதேபோல இருக்கும், ஆனால் அதில் மூன்று வளையம். அதைச் செருகினால் ஒரு பக்கம் பாட்டு வராது, அல்லது ஓலமிடும். தங்க முலாம், ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று யாராவது ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். கேசட்டில் பதியும் பாட்டின் தரத்தைத் தீர்மானிப்பது கேபிள் இல்லை. டேப்பைத் தொட்டுப் பதியும் ஹெட் சுத்தமாக இருக்கிறதா, டேப் நல்லதா, லெவல் (பதியும் ஒலியின் அளவு) சரியா என்ற மூன்றும்தான்.

கேபிளை டெக்கின் பின்பக்கம் 'லைன் இன்' அல்லது 'ரெக் இன்' என்று எழுதியிருக்கும் இடத்தில் நேரடியாகச் செருகலாம். ஆம்ப்ளிஃபயர் வழியாகப் போவது இன்னும் வசதி: லேப்டாப்பை ஆம்ப்ளிஃபயரின் 'ஆக்ஸ்' உள்ளீட்டில் கொடுங்கள், ஆம்ப்ளிஃபயரின் 'டேப் அவுட்'டிலிருந்து டெக்குக்கு எடுங்கள். அந்த வழியில் ஆம்ப்ளிஃபயரின் வால்யூம், பேஸ், டிரெபிள் எதுவும் பதிவைத் தொடாது. ராத்திரி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டே பதியலாம். 'ஃபோனோ' என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் லேப்டாப்பைக் கொடுத்துவிடாதீர்கள். அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலுக்கானது. அங்கே கொடுத்தால் பாட்டு கரகரவென்று உடைந்து, பேஸ் மட்டும் பூதாகரமாக வரும்.

பழைய ஐரோப்பிய டெக்குகளில் ஆர்.சி.ஏ. இருக்காது, வட்டமாக ஐந்து துளையுள்ள டின் (DIN) சாக்கெட் இருக்கும். அதில் 1-ம் 4-ம் பதிவுக்கு உள்ளே போகும் வழி, 3-ம் 5-ம் வெளியே வரும் வழி, 2 எர்த். பின்களை வரிசையாக எண்ணி வயர் போட்டுவிட வேண்டாம், எண்கள் சாக்கெட்டில் வரிசை மாறித்தான் இருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். டின் உள்ளீடு மிகக் குறைந்த சிக்னலை எதிர்பார்க்கிறது, அதனால் லேப்டாப் வால்யூமை நன்றாகக் குறைத்துத் தொடங்குங்கள். டெக் இல்லாமல் மைக் சாக்கெட் மட்டும் உள்ள டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) என்றால் இன்னும் கவனம் தேவை. மைக் உள்ளீடு ஒரு மில்லிவோல்ட் அளவுக்கு உருவானது, லேப்டாப் ஜாக்கில் வருவதோ சுமார் ஒரு வோல்ட். நடுவே ஒவ்வொரு சேனலுக்கும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் தொடராகவும், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் எர்த்துக்கும் போட்டால் சிக்னல் நூறில் ஒரு பங்காகும். ரெசிஸ்டர்களின் விலை சில்லறைக் காசுதான். ஆனால் டூ-இன்-ஒன்னில் லெவலை மெஷினே தானாகக் கூட்டிக் குறைக்கும். பாடகர் மூச்சு விடும் இடத்தில் தம்பூரா திடீரென்று பொங்கி எழும், மிருதங்கத்தின் ஒரு சாப்பு விழுந்ததும் குரல் அமுங்கிப்போகும். சினிமா பாட்டுக்குப் பரவாயில்லை, கச்சேரிக்குத் தாங்காது.

அடுத்து லெவல். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். சி.டி.யில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடம் உண்டு. டால்பி என்ற இரைச்சல் குறைக்கும் வசதி இல்லாத சாதாரண கேசட்டில் 50 சொச்சம்தான். குறைவாகப் பதிந்தால் டேப்பின் 'உஸ்ஸ்' சத்தத்துக்குள் பாட்டு மூழ்கும், அதிகமாகப் பதிந்தால் உடையும். சினிமா பாட்டில் இந்தச் சிக்கல் குறைவு. அதிலும் புதிய பாட்டுகளை ஏற்கெனவே நசுக்கி, ஒரே உயரத்தில் வெட்டி வைத்திருப்பார்கள். கச்சேரி அப்படி இல்லை. ஆலாபனையில் மந்திர ஸ்தாயிக்கு இறங்கிக் கிசுகிசுக்கும் குரலும் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மோரா என்ற முத்தாய்ப்பு முடிந்து விழும் அடியும் ஒரே டேப்பில் அடங்கியாக வேண்டும்.

அதனால் கச்சேரியின் தொடக்கத்தில் வரும் வர்ணத்தைக் கேட்டு லெவல் வைக்காதீர்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் அலைவடிவம் முழுதும் தெரியும். எந்த இடம் கூர்மையாக நிமிர்ந்து நிற்கிறதோ அதுதான் தனி, பெரும்பாலும் கச்சேரியின் பிற்பகுதியில் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் பாடவிட்டு, டெக்கை ரெக்கார்ட்-பாஸில் வைத்து, ரெக் லெவல் குமிழைத் திருப்புங்கள். சாதாரண ஃபெரிக் (இரும்பு ஆக்சைடு பூசிய) டேப்பில், எல்.இ.டி. மீட்டர் உள்ள டெக் என்றால், உச்ச அடிகள் 0 தாண்டி +3 வரை எட்டிப்பார்க்கலாம். ஊசி மீட்டர் என்றால் கணக்கு வேறு. ஊசி சோம்பேறி. மிருதங்கத்தின் அடி விழுந்து முடிந்த பிறகுதான் அது நகரவே தொடங்கும். ஊசி -3 காட்டும்போதே உண்மையில் அதற்கு மேலே போயிருக்கும், எனவே தனியில் -3-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போது ஆலாபனை மிகவும் மெலிந்துவிட்டது என்று தோன்றினால், ஆடாசிட்டியில் லிமிட்டர் போட்டு உச்சங்களை மட்டும் மூன்று நான்கு டெசிபல் தட்டி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் மிருதங்கம் அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிடும்.

லேப்டாப் வால்யூமை முழுதாகவோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ வைத்து, டெக்கின் குமிழால் கட்டுப்படுத்துவதே பொது விதி. குமிழ் 1 அல்லது 2-லேயே மீட்டர் எகிறினால் லேப்டாப்பைக் கொஞ்சம் குறைத்து, குமிழ் 4-க்கும் 6-க்கும் நடுவில் வருமாறு செய்யுங்கள். பல இடங்களிலிருந்து திரட்டிய சினிமா பாட்டுகள் ஒன்று கத்தும், ஒன்று முனகும். ஃபூபார்2000 பிளேயரில் ரீப்ளேகெயின் வசதியைப் போட்டால் எல்லாம் ஓரளவு ஒரே மட்டத்துக்கு வரும். ஒலிமாற்றங்கள், 'என்ஹான்ஸ்மென்ட்' எல்லாவற்றையும் விண்டோஸில் அணைத்து விடுங்கள். நோட்டிபிகேஷன் சத்தத்தையும்தான். வாட்ஸ்அப்பின் 'டிங்' பைரவி ஆலாபனைக்கு நடுவில் பதிந்துவிட்டால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அது வரும்.

எல்லாம் செருகியதும் ஒரு 'ம்ம்ம்' கேட்டால் பயப்பட வேண்டாம். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் எர்த் வழியாக உண்டாகும் சுற்றுதான் (கிரவுண்ட் லூப்) காரணம், பேட்டரியிலேயே பதிந்துகொள்ளுங்கள், கதை முடிந்தது. உலோக உடல் லேப்டாப்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று மெல்லிய கூச்சம் வருகிறதா? உங்கள் பிளக் பாயின்டில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். பழைய ஃபிளாட்டுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பது சகஜம். அதை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், ரெக்கார்டிங்குக்காக மட்டும் இல்லை. சார்ஜர் இல்லாமல் முடியாது என்றால், கார் ஆடியோவுக்கு விற்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரை நடுவில் போடலாம். மலிவானவை பேஸைக் கொஞ்சம் தின்னும். 'ம்ம்ம்' இல்லாமல் 'ஸ்ர்ர்ர்' என்று கூர்மையான இரைச்சல் வந்தால் மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது பதியவே வேண்டாம்.

இனி டேப். கேசட்டை பிலிப்ஸ் அறிமுகப்படுத்தியது 1963-ல். இப்போதும் புதிய காலி கேசட் கிடைக்கிறது: மேக்செல் யூ.ஆர்., பிரான்ஸின் ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ் போன்றவை ஆன்லைனில் வரும். எல்லாமே ஃபெரிக், அதாவது டைப் 1. பரணில் கிடக்கும் பழைய கேசட்டுகளின் மேல் பதிய நினைத்தால் முதலில் ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்தில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நல்ல டெக்கில் அதைப் போடாதீர்கள், ஹெட்டுக்கும் டேப்பை இழுக்கும் பிஞ்ச் ரோலருக்கும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். சி-120 வேண்டவே வேண்டாம், டேப் மிக மெல்லியது, சுற்றிக்கொள்ளும். சினிமா பாட்டுக்கு சி-60, கச்சேரிக்கு சி-90.

பதியும் முன் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பஞ்சில் பழுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். டிரெபிள் மங்கலாக இருக்கிறது, டெக் போய்விட்டது என்று நினைக்கும் பாதி டெக்குகள் இந்த ஒரு வேலையில் உயிர் பெற்றுவிடும்.

டால்பி பி போட்டால் இரைச்சல் சுமார் 10 டெசிபல் குறையும், ஆனால் கேட்கும்போதும் டால்பி பி போட்டுக் கேட்க வேண்டும். அப்பா அதே டெக்கில்தான் கேட்பார் என்றால் போடுங்கள். சமையலறை டூ-இன்-ஒன்னிலும் கேட்பார் என்றால் போடாமல் பதிவதே மேல். அப்புறம், ஃபைலின் தரம் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டாம். ஃபெரிக் கேசட்டுக்கு 320 கிலோபிட் எம்.பி.3-யும் தரம் இழக்காமல் சேமிக்கும் ஃபிளாக்கும் ஒன்றுதான், யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

கச்சேரி ரசிகரின் வீட்டில் கட்டாயம் பார்க்க வேண்டியது வேகம். பெல்ட் தளர்ந்து, மோட்டார் வயதான டெக் வேகம் தப்பி ஓடும். அதே டெக்கில் பதிந்து அதே டெக்கில் கேட்டால் தவறு தவறைச் சரிக்கட்டிவிடும், எதுவும் தெரியாது. அந்தக் கேசட்டை வேறு மெஷினில் போட்டதும் 2 கட்டைச் சுருதியில் பாடியவர் இரண்டும் இல்லாத, ஒன்றரையும் இல்லாத ஏதோ ஒன்றில் பாடுவார். அரைக் கட்டை வித்தியாசம் என்பது வேகத்தில் சுமார் 6 சதவீதம். 3 சதவீதம் தப்பினாலே காது உள்ளவர் முகம் சுளிப்பார். சோதிக்க எளிய வழி: வீட்டில் உள்ள சில கம்பெனி கேசட்டுகளைப் போட்டு, அதே பதிவு டிஜிட்டலில் இருந்தால் அதனுடன் ஸ்ருதியை டியூனர் ஆப்பில் ஒப்பிடுங்கள். ஒரு கேசட் மட்டும் தப்பினால் குற்றம் அந்தக் கேசட்டில். எல்லாமே ஒரே பக்கம் தப்பினால் குற்றம் டெக்கில். முதலில் பெல்ட்டை மாற்றுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் பல மோட்டார்களின் பின்னால் ஒரு சின்னத் துளைக்குள் வேகத் திருகு இருக்கும், மயிரிழை திருப்பினால் போதும்.

பக்கக் கணக்கும் போட வேண்டும். சி-90-ல் ஒரு பக்கம் 45 நிமிடம். ராகம் தானம் பல்லவி ஒரு மணி நேரம் போனால் எங்கே வெட்டுவது? தானம் முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள், பல்லவியின் நடுவில் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஃபைலாக ஆடாசிட்டியில் முதலிலேயே பிரித்து வைத்துவிட்டால் பக்கம் திருப்பும்போது பதற்றம் இல்லை. கேசட்டின் தொடக்கத்தில் சில நொடிக்குக் காந்தப் பூச்சே இல்லாத லீடர் இருக்கும். ரெனால்ட்ஸ் பேனாவையோ பென்சிலையோ விட்டுச் சுற்றி, பழுப்பு டேப் வந்த பிறகு தொடங்குங்கள்.

மினிடிஸ்க்குக்கு வருவோம். ஆப்டிகல் என்று சொன்ன கடைக்காரர் இதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். சோனி 1992-ல் கொண்டுவந்த இது சின்ன டிஸ்க்கில் பதியும் டிஜிட்டல் மெஷின், ஆப்டிகல் உள்ளீடு, அதாவது ஒலியை ஒளியாக வாங்கும் துளை, இருக்கும். ஆனாலும் மேலே சொன்ன அதே ஆர்.சி.ஏ. கேபிளிலேயே அருமையாகப் பதியும். ஆப்டிகல்தான் வேண்டும் என்றால் லேப்டாப்பில் அந்த வழி அநேகமாக இருக்காது, பெரிங்கர் யூ.சி.ஏ.222 போன்ற, ஆப்டிகல் வெளியீடுள்ள யூ.எஸ்.பி. பெட்டி ஒன்று தேவை. அப்போது இரண்டு சிக்கல் வரும். லேப்டாப் வழக்கமாக 48 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும், மினிடிஸ்க் 44.1-ல் வேலை செய்யும். ஆரம்ப கால மாடல்கள் 48-ஐ ஏற்காமல் 'அன்லாக்' என்று கண் சிமிட்டும், விண்டோஸ் ஒலி அமைப்பில் 44.1-க்கு மாற்றிவிடுங்கள். இரண்டாவது, எஸ்.சி.எம்.எஸ். என்ற காப்பித் தடை. சிக்னலில் 'காப்பி கூடாது' என்ற கொடி இருந்தால் மெஷின் மறுத்துவிடும். ஆர்.சி.ஏ. வழியில் இந்தத் தடை கிடையாது. என் கருத்து, ஆப்டிகலுக்காகத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். இங்கே மட்டும் ஃபைல் தரம் முக்கியம். மினிடிஸ்க் தன் பங்குக்கு அட்ராக் முறையில் ஒலியைச் சுருக்கும். ஏற்கெனவே சுருங்கிய 128 கிலோபிட் எம்.பி.3-யை மறுபடி சுருக்கினால் ஜால்ராவும் வயலினும் தகரமாகும்.

டிராக் எண் விஷயம் சுவாரசியமானது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இரண்டு நொடி மௌனம் வந்தால் மெஷின் தானாகப் புதிய டிராக் போடும். சினிமா பாட்டுக்கு இது கச்சிதம். கச்சேரியில் தம்பூரா நிற்கவே நிற்காது, அத்துடன் கைதட்டல், இருமல். மௌனம் என்ற ஒன்றே வராததால் முழுக் கச்சேரியும் ஒரே டிராக்காகிவிடும். பதிந்த பிறகு 'டிவைட்' வசதியில் கீர்த்தனை கீர்த்தனையாகப் பிரிக்கலாம், பெயரும் எழுதலாம், ஆங்கில எழுத்தில்தான்.

பழைய வானொலிக் கச்சேரிகள் பெரும்பாலும் மோனோ. பெரும்பாலான ரெக்கார்டர்களில் மோனோ பதிவு என்று ஒரு அமைப்பு உண்டு, 74 நிமிட டிஸ்க்கில் 148 நிமிடம் பிடிக்கும், தரமும் குறையாது. முழு வானொலிக் கச்சேரியும் ஒரே டிஸ்க்கில் அடங்கிவிடும். 2000-க்குப் பின் வந்த எம்.டி.எல்.பி. (நீண்ட நேரப் பதிவு) மாடல்களில் எல்.பி.2, எல்.பி.4 என்றும் நீட்டலாம். எல்.பி.2 கேட்கும்படி இருக்கும், எல்.பி.4 பேச்சுக்கு மட்டும். பதிந்து முடித்ததும் திரையில் 'டி.ஓ.சி.' என்று இருக்கும்வரை மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். டிஸ்க்கின் அட்டவணையை மெஷின் கடைசியில்தான் எழுதுகிறது. அதற்குள் கரன்ட் போனால் பதிந்தது இருந்தும் இல்லாதது போலத்தான். முடிந்த உடனேயே டிஸ்க்கை எஜெக்ட் செய்துவிடுவது நல்லது, அப்போது எழுதிவிடும்.

யூ.எஸ்.பி. என்று சொன்ன கடைக்காரரும் முழுப் பொய் சொல்லவில்லை. 2001-ல் வந்த நெட் எம்.டி. வகை மெஷினாக இருந்து யூ.எஸ்.பி. துளையும் இருந்தால், குரோம் உலாவியிலேயே ஓடும் வெப் மினிடிஸ்க் புரோ என்ற இலவச மென்பொருள் மூலம் ஃபைலையே அனுப்பலாம். விண்டோஸில் ஜாடிக் என்ற கருவியால் டிரைவர் மாற்ற வேண்டியிருக்கும். டிராக் எண்ணும் பெயரும் தானாக ஏறிவிடும். டிஸ்க்குகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பதியக்கூடிய மினிடிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியுடன் நிறுத்திவிட்டது. இருப்பதை ஆயிரக்கணக்கான தடவை அழித்துப் பதியலாம் என்பதால் கவலை இல்லை.

சி.டி. ரெக்கார்டரும் பரணில் இருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டு ரெக்கார்டர்கள் 'ஆடியோ' என்று அச்சிட்ட தனி வகை சி.டி.-ஆரை மட்டுமே ஏற்கும், அதைத் தேடி அலைவதைவிட லேப்டாப்பில் ஒரு டிவிடி ரைட்டரைச் செருகி ஆடியோ சி.டி.யாக எரித்துவிடுவது எளிது. 80 நிமிடம் வரும், டேட்டா சி.டி.யாக எரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய பிளேயர் படிக்காது.

பதிந்து முடித்த கேசட்டில் மேல் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். அந்தப் பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்போது இடது ஓரத்தில் இருப்பதுதான் அந்தப் பக்கத்துக்கானது. பிறகு மறுபடி பதியத் தோன்றினால் துளையின் மேல் செலோடேப் ஒட்டினால் போதும். பரணில் டைப் 2 கேசட் ஏதாவது கிடைத்து அதில் ஒட்டினால், பக்கத்திலேயே டேப் வகையைக் காட்டும் இன்னொரு பள்ளம் இருக்கும், அதை மூடிவிட வேண்டாம்.